எல்ல நகரத்து இரவும் கொக்டெயில் பார்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்ல மெயின் வீதியில் ஒன்பது வருடம் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். சொந்த ஊர் பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழும்பில் வேலை செய்யும் நண்பர்கள், ஹட்டன், பதுளைச் சொந்தக்காரர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து டூர் வருகிற பிள்ளைகள் என்று எல்லோரும் வொட்ஸ்அப்பில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

எல்லவில் உண்மையிலேயே இரவு வாழ்க்கை என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் கொழும்பை மனதில் வைத்துக்கொண்டு வர வேண்டாம். எல்ல என்பது வெல்லவாய போகும் ரோட்டில் நடந்தே முடித்துவிடக்கூடிய ஒரு தெரு, அந்தத் தெருவின் இரண்டு பக்கமும் மாடி வைத்த கடைகள், பகலில் பான்கேக்கும் ரொட்டியும் விற்கிற அதே கடைகள் ஆறு மணிக்கு மேல் மஞ்சள் பல்பைப் போட்டு, மெத்தையைத் தரையில் விரித்து, பாட்டை வைத்து வேறு ஊராகிவிடும். கஃபே சில் என்ற இடத்தைத்தான் முதலில் எல்லோரும் சொல்வார்கள், தெருவில் பெரிய கூட்டம் சேருவதும் அங்கேதான். பகலிலேயே பாட்டு, நீச்சல் குளம், மலைக்காட்சி எல்லாம் வேண்டுமென்றால் லிட்டில் அடம்ஸ் பீக் என்ற குன்றுப் பக்கம் ராவணா பூல் கிளப் இருக்கிறது. இவை தவிர, பெயர்ப் பலகை கூடச் சரியாகத் தெரியாத சின்னச் சின்ன மாடிகள் நிறைய. எனக்குப் பிடித்தது அந்த மாடிகள்தான், ஏனென்றால் அங்கே பார்டெண்டருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு வருவது நல்லது?

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூட்டம், ஜூலை ஆகஸ்டிலும் கூட்டம். ஒக்டோபர், நவம்பரில் மழை பிடித்தால் விடாது, தெரு காலியாக இருக்கும். ஆனால் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூன்று பேர் மட்டும் இருக்கிற பாரில் உட்காருவதும் ஒரு சுகம்தான், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். ஹெப்பி அவர் பல கடைகளில் அந்நேரம்தான், ஒன்றின் விலைக்கு இரண்டு கொடுப்பார்கள். பத்தரை, பதினொன்று ஆகும்போது பாட்டுச் சத்தம் இறங்கிவிடும். பத்து மணிக்குக் குளித்து உடுத்திக்கொண்டு வருகிறவர்கள் நாற்காலியை மேசை மேல் கவிழ்க்கிற நேரத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள். எல்ல கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேல், இரவில் குளிரும், ஒரு ஜேர்சி கையோடு இருக்கட்டும்.

கொக்டெயில் பற்றி ஒன்றுமே தெரியாது. மெனுவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. என்ன கேட்பது?

பெயரைக் கேட்காதீர்கள், சுவையைச் சொல்லுங்கள். “புளிப்பாக, இனிப்புக் குறைவாக, பழவாசனையோடு ஒன்று” என்று சொன்னால் வேலை தெரிந்த எந்தப் பார்டெண்டருக்கும் அது போதும். பெரும்பாலான கொக்டெயில் ஒரே கணக்கில்தான் நிற்கிறது: ஒரு மது, ஒரு புளிப்பு, ஒரு இனிப்பு. இது மூன்றும் சரியாக நின்றால் மிச்சம் எல்லாம் அலங்காரம். தேசிக்காயைக் கண் முன்னால் வெட்டிப் பிழிகிறார்களா, போத்தலிலிருந்து ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். போத்தல் சாறு என்றால் அந்தக் கடையில் பியர் குடிப்பது நல்லது.

அடுத்து ஐஸ். யாரும் பார்க்க மாட்டார்கள், ஆனால் பாதி வேலை அதுதான். நொறுங்கிய ஐஸ் சீக்கிரம் கரைந்து, ஐந்து நிமிடத்தில் கிளாசில் தண்ணீர்தான் மிஞ்சும். பெரிய கட்டியாகத் திடமாக இருந்தால் குளிர் நிற்கும், சுவை கலங்காது.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். லோங் ஐலண்ட் ஐஸ்ட் டீ என்ற பெயரைப் பார்த்து, தேத்தண்ணி என்று நினைத்து ஓடர் பண்ணுகிற எங்கள் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் தேயிலை ஒரு துளியும் இல்லை. வொட்கா, ஜின், ரம், டக்கீலா, ஒரேஞ்ச் லிக்கர் என்று ஐந்து போத்தல் ஒரே கிளாசில் இறங்குகிறது, கோலா போடுவதால் நிறம் மட்டும் தேத்தண்ணி மாதிரி. இனிப்பு சாராயத்தின் காரத்தை மறைத்துவிடும், நாக்குக்குத் தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் காலுக்குத் தெரியும். முதல் தடவை வருகிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

நம்ம ஊர்ச் சாராயத்தில் கொக்டெயிலா? அதற்கு ஏன் இவ்வளவு காசு?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல ஆசை. தோட்டத்தில் வளர்ந்த நமக்குச் சாராயம் என்றால் கால் போத்தல், சோடா, அவசரம், சண்டை என்றுதான் ஞாபகம். ஆனால் தென்னஞ்சாராயம் உலகத்தில் எங்கும் எளிதில் கிடைக்காத ஒரு சரக்கு. களுத்துறை, வாதுவைப் பக்கம் தென்னைக்குத் தென்னை கட்டின கயிற்றில் நடந்து பாளையிலிருந்து கள் இறக்குகிறார்கள். அந்தக் கள் யாரும் ஒன்றும் சேர்க்காமலே சில மணி நேரத்தில் தானாகப் புளித்துவிடும். அதை வடித்து, நல்லதை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் போட்டு வருடக் கணக்கில் வைக்கிறார்கள். போத்தலை வாங்கும்போது “தென்னை மட்டும்” என்பதா, வேறு ஸ்பிரிட் கலந்ததா என்று லேபிளைப் படியுங்கள், விலை வித்தியாசமும் தலைவலி வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது.

நான் செய்கிற சாராய சவர், அதாவது புளிப்புக் கொக்டெயில், இப்படி: சாராயம் 60 மில்லி, அப்போதே பிழிந்த தேசிக்காய்ச் சாறு 25 மில்லி, கித்துள் பனையின் பாணியைச் சம அளவு சுடுதண்ணீரில் கரைத்து ஆற வைத்தது 20 மில்லி. விருப்பமென்றால் ஒரு முட்டை வெள்ளைக்கரு. வெள்ளைக்கரு போட்டால் முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்க வேண்டும், அப்போதுதான் நுரை ஏறும். அப்புறம் ஐசைப் போட்டு இன்னொரு குலுக்கல். எவ்வளவு நேரம் என்று கேட்டால் காதைத்தான் சொல்வேன். முதலில் ஐஸ் ஷேக்கரில் கல் விழுகிற மாதிரி சத்தம் போடும், பத்துப் பன்னிரண்டு செக்கனில் அந்தச் சத்தம் மெத்தென்று மாறும், ஷேக்கரின் வெளிப்பக்கம் பனி பூத்து விரல் ஒட்டத் தொடங்கும். அங்கே நிறுத்த வேண்டும். வடித்து ஊற்றி, மேலே கறுவாப் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிவிட்டால் நுரை மேல் மண்ணிறத் தூளாக நிற்கும், வாசனை மூக்குக்குத்தான் முதலில் போகும். கடற்கரைத் தென்னையும் மலைக் கித்துளும் ஒரே கிளாசில் வருவது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமான விஷயம்.

தேயிலையும் போடலாம். நாங்கள் இருப்பது ஊவா மாகாணம். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வறண்ட காற்று அடிக்கிற சீசனில் பறிக்கிற கொழுந்துக்குத் தனி வாசனை உண்டு, ஏலத்தில் நல்ல விலை போவதும் அதனால்தான். அந்தத் தூள் ஒரு மேசைக்கரண்டியைச் சாராயப் போத்தலில் போட்டுப் பத்து நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பச்சைத் தண்ணீரை விடச் சாராயம் துவர்ப்பை வேகமாக இழுக்கும், மறந்து அரை மணி விட்டால் வாயில் வைக்க முடியாது.

வேலையே வேண்டாமென்றால் சாராயத்தில் எலிஃபண்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியரை ஊற்றி, ஒரு துண்டு தேசிக்காய். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்?

ஒரு கொக்டெயில் 1,500 ரூபாயிலிருந்து 3,000 வரை வரும், ஹோட்டல் பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறும். மெனுவில் உள்ள விலைதான் கடைசி விலை என்று நினைக்காதீர்கள். 10 வீத சர்விஸ் சார்ஜ் சேரும், சில இடங்களில் 18 வீத வற் வரியும் தனியாகச் சேரும். “வரி சேர்ந்த விலையா அண்ணா?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 2024இல் 1,350 ரூபாயாக்கினார்கள். நான் ஒரு நாளைக்குப் பல தடவை அந்தத் தொகையை விட அதிகமான பில்லை ஒரு கிளாசுக்கு அடித்திருக்கிறேன். அது மனதில் குத்தும். ஆகவே நம் பிள்ளைகள் வந்தால் ஒன்றை வாங்கி மெதுவாகக் குடியுங்கள், சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடுங்கள், மேசையில் இருப்பதற்காகத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியதில்லை என்றுதான் சொல்வேன்.

தமிழில் பேசலாமா? நம்மை உள்ளே விடுவார்களா?

பேசலாம். எல்லவில் கவுண்டருக்குப் பின்னாலும் கிச்சனிலும் நிற்கிற பையன்களில் நிறையப் பேர் பண்டாரவளை, ஹப்புத்தளை, தெமோதரைத் தோட்டத்துப் பிள்ளைகள். தமிழ் கேட்டால் முகம் மாறும், கொஞ்சம் அதிகமாகவே கவனிப்பார்கள்.

விடுவார்களா என்ற கேள்விக்குப் பின்னால் இருக்கிற பயமும் எனக்குத் தெரியும். அதனால் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் அக்கா நான் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கொழுந்து பறிக்கிற வேலை, விரலில் கறை போகவே போகாது. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அத்தானோடு ஆறு மணிக்கு வந்தாள். வாசலில் நின்றவர் அவர்களைப் பார்த்து, “கிச்சன் வேலைக்கா? பின்பக்கமாப் போங்க” என்று சொல்லிவிட்டார். நான் கவுண்டரை விட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, மலை தெரிகிற மேசையில் உட்கார வைத்தேன். பெஷன்ஃப்ரூட், புதினா, தேசிக்காய், சோடா போட்டு மது இல்லாமல் ஒரு பெரிய கிளாஸ் செய்து கொடுத்தேன். அவள் கிளாசைத் தொடாமல் ஷேக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தம்பி, இதை எத்தனை தரம் ஒரு நாளைக்குக் குலுக்குவ? தோள் வலிக்காதா?” என்று கேட்டாள். நாள் முழுக்கக் கூடை சுமக்கிறவள் என் தோளைப் பற்றிக் கேட்கிறாள்.

ஆகவே தயங்காமல் வாருங்கள். மெனுவைக் கேட்டு வாங்குங்கள், பிடித்த மேசையைக் கேளுங்கள். அந்த மேசைக்கு வெள்ளைக்காரர் கொடுக்கிற அதே காசைத்தான் நீங்களும் கொடுக்கிறீர்கள். யாராவது மரியாதைக் குறைவாக நடந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், சொல்லாமல் எழுந்து போய்விடாதீர்கள்.

பெண்கள் போகலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

1979இல் வந்த ஒரு விதி, மதுச்சாலைகளில் பெண்ணுக்கு மது விற்கக் கூடாது என்றது, பெண்கள் அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்யவும் மதுவரி ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்றது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பழையபடி கொண்டுவரச் சொன்னார். பேப்பரில் எப்படி இருந்தாலும், எல்ல மாதிரி சுற்றுலா ஊர்களில் பெண்கள் மேசையில் உட்கார்ந்து ஓடர் பண்ணுவது தினமும் நடக்கிற சாதாரண விஷயம். வைன் ஸ்டோர்ஸ் கம்பிக்கு முன்னால் போய் நிற்கும்போதுதான் பார்வையும் பேச்சும் வரும்.

சட்டத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது பாதுகாப்பு. தங்கச்சிமார் வந்தால் நான் சொல்வது இது: கவுண்டர் ஓரத்து ஸ்டூல்தான் நல்ல இடம், பார்டெண்டரின் கண் எப்போதும் அங்கே இருக்கும். கிளாசை விட்டு எழுந்து போனால் திரும்பி வந்து அதைக் குடிக்க வேண்டாம், புதிதாக ஒன்றைக் கேளுங்கள், விஷயத்தைச் சொன்னால் நல்ல கடையில் காசு கூட வாங்க மாட்டார்கள். யாராவது தொல்லை கொடுத்தால் கவுண்டரில் இருப்பவரிடம் தமிழிலேயே சொல்லுங்கள். நம்பிக்கையான த்ரீவீல் அண்ணன்மார் இரண்டு மூன்று பேரின் நம்பர் ஒவ்வொரு கடையிலும் இருக்கும், கூப்பிட்டு ஏற்றிவிடுவார்கள்.

வயது எல்லை?

21. 2006இல் வந்த மது, புகையிலைச் சட்டப்படி அதற்குக் குறைந்தவர்களுக்கு விற்க முடியாது. அடையாள அட்டை கேட்டால் கோபிக்காதீர்கள், கேட்காவிட்டால் மாட்டுவது நாங்கள்தான்.

குடிக்காதவர்கள் வந்து என்ன செய்வது?

உட்காரலாம், சாப்பிடலாம், பாட்டுக் கேட்கலாம். மது இல்லாத கொக்டெயில் எல்லாக் கடையிலும் உண்டு, நல்ல பார்டெண்டருக்கு அதுதான் பரீட்சை, ஏனென்றால் மறைக்கச் சாராயம் கிடையாது. அன்னாசி, இஞ்சி, கறிவேப்பிலையை இடித்து, சோடா ஊற்றித் தரச் சொல்லிப் பாருங்கள். ஒரு கூட்டத்தில் ஒருவர் குடிக்கவில்லை என்றால் அவரை வற்புறுத்துகிற பழக்கம் நம்மிடம் அதிகம், அதை எல்லவுக்கு வரும்போது வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

போயா அன்று வந்துவிட்டேன், என்ன செய்வது?

பௌர்ணமி போயா தினத்தில் நாடு முழுக்க மது விற்பனை கிடையாது, வெசாக்கிற்கு இரண்டு நாள் வரும். ஒக்டோபர் 3, மதுவொழிப்பு தினத்திலும் கடைகள் பூட்டுத்தான். டீப்போட்டில் ஊற்றிக் கள்ளத்தனமாகக் கொடுக்கிற கடைகள் இருக்கும், அதற்குப் போகாதீர்கள், சிக்கினால் வேலை போவது அங்கே நிற்கிற பையனுக்கு. அன்றைக்கு நிலா வெளிச்சத்தில் எல்ல கேப் என்ற மலை இடைவெளியைப் பார்த்துக்கொண்டு ஒரு இஞ்சித் தேத்தண்ணி குடித்தவர்கள் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நுவரெலியா, கண்டியில் எப்படி?

நுவரெலியா வேறு மாதிரி. அங்கே தெரு இல்லை, பழைய ஹோட்டல்கள்தான். ஹில் கிளப் 1876இல் தொடங்கியது, நீண்ட காலம் வெள்ளைக்காரத் துரைமாருக்கு மட்டும் என்று இருந்த இடம், இன்றைக்கும் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கேட்பார்கள், கையில் இல்லாவிட்டால் அங்கேயே கொடுப்பார்கள். கிராண்ட் ஹோட்டலிலும் பார் உண்டு. லயன் பியரின் கதை தொடங்கியதும் நுவரெலியாவில்தான், 1881இல் அங்கே ஆரம்பித்த கம்பனி பிறகு பியகமவுக்கு மாறியது. ஏப்ரல் சீசனில் கார் ரேஸ், குதிரை ரேஸ் என்று அறை விலையும் கூட்டமும் தாங்காது, அமைதியாகக் குடித்துப் பேச வேண்டுமென்றால் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள்.

கண்டி தலதா மாளிகை இருக்கிற ஊர், அதற்கேற்ற மாதிரி நடக்க வேண்டும். குயின்ஸ் ஹோட்டல், ரோயல் பார் அன்ட் ஹோட்டல் இரண்டும் பழைய கட்டடங்கள், முற்றத்தில் உட்கார்ந்து ஒன்றைக் குடிக்க நல்ல இடம். தெருவில் கிளாசோடு நிற்பது அங்கே ஆகவே ஆகாது.

இரவில் எப்படித் திரும்புவது?

பண்டாரவளைக்குப் பஸ் மாலையோடு குறைந்துவிடும், இரவில் த்ரீவீல்தான். ஏறும் முன் கட்டணத்தைப் பேசுங்கள். முடிந்தால் எல்லவிலேயே ஒரு அறை எடுத்துவிடுங்கள்.

குடித்துவிட்டு பைக்கைத் தொட வேண்டாம், இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. இரத்தத்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராமைத் தாண்டினால் வழக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 33.5 வீதச் சாராயம் 60 மில்லி என்றால் சுத்தமான மது 20 மில்லி, 4.8 வீத லயன் லாகர் பெரிய போத்தல் 625 மில்லி என்றால் 30 மில்லி. “பியர் தானே” என்று இரண்டு போத்தல் குடித்தவர் மூன்று கொக்டெயில் குடித்தவருக்குச் சமம். 2025 செப்டெம்பரில் எல்ல வெல்லவாய ரோட்டில் இரவு ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் செத்துப்போனார்கள். அதற்கும் குடிக்கும் முடிச்சுப் போடவில்லை, தெளிவாக ஓட்டுகிறவர்களுக்கே அந்த வளைவுகள் எப்படிப்பட்டவை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று: போத்தலை எடுத்துக்கொண்டு இரவில் ஒன்பது வளைவு ரயில் பாலத்துக்கு நடக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. பாலம் 24 மீற்றர் உயரம், இருட்டு, கைப்பிடி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. காலையில் போங்கள்.

தோட்டங்களில் குடி எத்தனை குடும்பத்தை அழித்திருக்கிறது, நீ இதை எழுதலாமா?

இதைக் கேட்டது எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர், நேராகவே கேட்டார். என் தாத்தா குடியால் போனவர். சம்பள நாளன்று தவறணை வாசலில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்த பிள்ளைகளில் நானும் ஒருவன். மலைநாட்டில் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே மதுக்கடைகளுக்கு அனுமதி கொடுப்பதை நான் எதிர்க்கிறேன், கசிப்பு என்ற கள்ளச்சாராயம் வடிக்கிறவர்களைப் பற்றிப் பொலிசில் சொல்ல வேண்டும் என்கிறேன். வெறும் வயிற்றில், நின்றபடி, நாளெல்லாம் பட்ட களைப்பை அரை மணி நேரத்தில் மறக்கக் குடிப்பது ஒன்று. சாப்பாட்டோடு உட்கார்ந்து, ஒரு கிளாசை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, மனைவியோடும் நண்பர்களோடும் பேசுவது இன்னொன்று. முதலாவதை மட்டுமே நமக்கு ஒதுக்கி, இரண்டாவதை வெளியூர்க்காரருக்கு என்று வைத்திருக்கிறார்கள். குடிக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களை நான் மதிக்கிறேன். குடிக்கிறவர்கள் எப்படிக் குடிப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம். வீட்டில் யாருக்காவது குடியை நிறுத்த முடியவில்லை என்றால் அவரைக் கூட்டிக்கொண்டு எல்ல வர வேண்டாம், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

சர்விஸ் சார்ஜ் பில்லில் இருந்தால் கட்டாயமில்லை. கொடுக்க நினைத்தால் பார்டெண்டரோடு கிளாஸ் கழுவுகிற பையனுக்கும் சேர்த்துக் கொடுங்கள், கவுண்டருக்குக் கீழே பச்சைத் தண்ணீரில் கை விறைக்க நிற்பது அவன்தான்.